இடுப்பில் முக்கால் கிலோ

அண்ணாச்சி ராத்திரி பதினொன்றரைக்குப் போன் செய்தால் ஊரில் யாருக்கோ உடம்பு முடியவில்லை, இல்லையென்றால் கடையில் கூலர் நின்றுவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு இரண்டும் இல்லை. "தம்பி, ஒருத்தன் கடைக்குள்ள வந்து துப்பாக்கிய நீட்டிட்டான். ஒண்ணும் ஆகல. காசு போச்சு, அவ்வளவுதான். யார்ட்டயாவது சொல்லணும்னு தோணுச்சு" என்றார்.

அமெரிக்காவில், டெக்சாஸின் டாலஸுக்கு வடக்கே ஒரு பெட்ரோல் பங்க்கும் அதை ஒட்டிய சின்னக் கடையும் அவருடையவை. திசையன்விளைப் பக்கத்துக்காரர், 58 வயது. கல்லாவில் இருந்த 200 சொச்சம் டாலரை எடுத்துக் கொடுத்திருக்கிறார். மொத்தமே இரண்டு நிமிடம். "அவன் கை நடுங்குச்சு தம்பி. துப்பாக்கிய விட அந்த நடுக்கத்தப் பாத்துதான் எனக்கு வேர்த்துட்டு" என்று அப்புறம் ஒருநாள் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து விஷயத்துக்கு வந்தார். ஒரு கைத்துப்பாக்கி வாங்க வேண்டும், இடுப்பில் இருக்க வேண்டும், வெளியே தெரியக்கூடாது. நான் ஆறு வருடமாக லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டிருப்பவன் என்பது அவருக்குத் தெரியும். "ஊர்ல எங்க தாத்தா வச்சிருந்த ஒத்தக்குழல் துப்பாக்கியத் தவிர நான் வேற எதையும் தொட்டதில்ல. அதையும் எலெக்சன் வந்தா ஸ்டேசன்ல ஒப்படைச்சிட்டு வந்திருவாவ. நீதான் பாத்துச் சொல்லணும்."

முதலில் நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. குழல் ஏற்கெனவே உங்கள் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இடுப்பில் இருப்பதை எடுத்து ஒன்றும் செய்ய முடியாது. அன்றைக்குக் கையில் துப்பாக்கி இருந்திருந்தாலும் காசைக் கொடுப்பதுதான் சரி. நீங்கள் செய்தது சரி. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "சரி, எது நல்ல பிராண்டு?" என்றார்.

பிராண்டுக்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. இங்கே இருக்கும் நம் ஆட்கள் பலருக்குத் தெரியாதவை என்பதால் எழுதிவிடுகிறேன்.

ஒன்று, அண்ணாச்சி சொன்ன யோசனை: "நீயே ஒண்ணு வாங்கிரு தம்பி, பணத்த நான் தந்திருதேன்." மளிகைச் சாமானுக்குச் சரி. துப்பாக்கிக்கு இது ஃபெடரல் குற்றம். கடையில் நிரப்பும் 4473 என்ற படிவத்தில் ஆரம்பத்திலேயே கேட்கிறார்கள், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று. வேறொருவரின் பணத்தில் அவருக்காக வாங்கிக்கொண்டு ஆமாம் என்று எழுதினால் அது பொய் வாக்குமூலம். அந்த இன்னொருவர் தானே வாங்கத் தகுதியுள்ளவராக இருந்தாலும் குற்றம் குற்றம்தான்.

இரண்டாவது விசா. க்ரீன் கார்டு இருப்பவர் வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம். அண்ணாச்சிக்கு அது இருக்கிறது. வேலைக்கான எச்-1பி, படிப்புக்கான எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் மாதிரிச் சில விதிவிலக்குகள் இருந்தாலொழிய, துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே சட்டப்படி தவறு. நான் எச்-1பியில் இருந்த காலத்தில் அலுவலகக் கும்பலோடு ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்கு, போய்ச் சுட்டு, படம் எடுத்து, ஃபேஸ்புக்கிலும் போட்டிருக்கிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. பின்னாளில் சட்டத்தைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. இன்றைக்கும் வார இறுதியில் அதே மாதிரிப் படங்கள் என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

அண்ணாச்சி வீட்டில் அவருடைய தங்கை மகன் தங்கிப் படிக்கிறான், எஃப்-1. "மருமவன் எப்பவாவது கடையில வந்து உக்காருவான், கல்லாக்குக் கீழ வச்சுட்டா அவனுக்கும் ஆச்சுல்லா?" என்றார். ஆகாது. இடுப்பில் இல்லாத நேரத்தில் அது சேஃபுக்குள் இருக்க வேண்டும், சேஃபின் எண் மருமகனுக்குத் தெரியக்கூடாது என்று சொன்னேன். முகம் கொஞ்சம் மாறியது. வீட்டுப் பிள்ளையிடம் ஒளிப்பதா என்ற சங்கடம். ஆனால் சேஃபை முதலில் வாங்குங்கள், துப்பாக்கியைப் பிறகு பார்க்கலாம் என்று நான் பிடித்த பிடியை விடவில்லை. அதற்கு மருமகன் மட்டும் காரணம் இல்லை. அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000க்கு மேல். அதில் 26,000க்கு மேல் தற்கொலை. திருடனுக்காக வாங்கியது பெரும்பாலும் யாரைச் சுடுகிறது என்பது அந்தக் கணக்கில் தெரியும். அண்ணாச்சி வீட்டுக்கு விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளும் வருவார்கள்.

சரி, ரேஞ்சுக்கு வருவோம்.

ஒரு சனிக்கிழமை காலை அவரை அழைத்துக்கொண்டு போனேன். அங்கே வாடகைக்கு எடுத்துச் சுடலாம். ஒரு கட்டணம் கட்டிவிட்டால் எத்தனை மாடலை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், தோட்டா மட்டும் அவர்களிடமே வாங்க வேண்டும். கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாகக் கறுப்புப் பிஸ்டல்கள். அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு, எவர்சில்வர் கடையில டம்ளர் மாதிரி" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. கடந்த 40 வருடங்களில் இந்தச் சாமான் ஒரே அச்சில் வந்து நின்றுவிட்டது. பிளாஸ்டிக் உடம்புள்ள பிஸ்டலை முதலில் விற்றது ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக், 1970இல், விபி70 என்ற பெயரில். அது அவ்வளவாக எடுபடவில்லை. ஆஸ்திரியாவில் திரைச்சீலைக் கம்பி, ராணுவத்துக்குக் கத்தி என்று செய்துகொண்டிருந்த காஸ்டன் க்ளாக், துப்பாக்கித் தொழிலில் எந்த அனுபவமும் இல்லாமல் ஒன்றை வடிவமைத்தார். 1982இல் ஆஸ்திரிய ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. அதுதான் க்ளாக் 17. அமெரிக்காவுக்கு வந்த புதிதில் பிளாஸ்டிக் துப்பாக்கி, விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரியாது என்று பெரிய கூச்சல். எடையில் எண்பது சதவீதத்துக்கு மேல் எஃகு இருக்கும் ஒரு பொருளுக்கு இந்தப் பழி. கூச்சல் அடங்கிய பிறகு போலீஸ்காரர்கள் இடுப்பெல்லாம் அதுதான். 1988இல் அதை அளவில் கொஞ்சம் குறைத்து க்ளாக் 19 வந்தது. 15 தோட்டா, நான்கு அங்குலக் குழல். இன்றுவரை அளவுகோல் அதுதான். மற்ற எல்லாவற்றையும் அதன் பக்கத்தில் வைத்துத்தான் சின்னது, பெரியது என்கிறார்கள்.

அதற்கப்புறம் நடந்தது ஒரு சுருக்கும் போட்டி. 1994இலிருந்து 2004 வரை, பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடான மேகசினில், புதியதென்றால், பத்துத் தோட்டாவுக்கு மேல் பொதுமக்களுக்கு விற்கக்கூடாது என்று நாடு முழுக்கச் சட்டம் இருந்தது. பத்துதான் என்றால் எதற்கு அவ்வளவு பெரிய உடம்பு? குட்டைத் துப்பாக்கிகளுக்கு யோகம் அடித்தது. 2012இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு வந்தது. ஓர் அங்குலத் தடிமன், ஏழு அல்லது எட்டுத் தோட்டா. ஒல்லியாக வேண்டுமென்றால் அவ்வளவுதான் கொள்ளும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தபோது, 2018 ஜனவரியில் சிக் சாவர் பி365ஐ இறக்கியது. அதே ஓர் அங்குலத் தடிமன், பத்துத் தோட்டா. மேகசினுக்குள் தோட்டாக்கள் ஒற்றை வரிசையும் இல்லாமல் இரட்டை வரிசையும் இல்லாமல், நெருக்கடியான பஸ்ஸில் தோளை லேசாகத் திருப்பி நிற்பவர்கள் மாதிரி ஒன்றுக்கொன்று பாதி விலகி நிற்கின்றன. அந்த ஒரு தந்திரம்தான். மறு வருடமே குரோஷியாவில் செய்யப்படும் ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் பதினொன்று என்றது. க்ளாக் 43எக்ஸ் பத்தோடு வந்தது. 2021இல் ஷீல்டு பிளஸ், சின்ன மேகசினில் பத்து, பெரியதில் பதின்மூன்று. ஒரு தோட்டா கூடினால் ஒரு புது மாடல், அதற்கு நூறு விமர்சன வீடியோ. எல்லாமே 9 மில்லிமீட்டர். 1900களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பிறந்த அந்தத் தோட்டாவை விட்டு நடுவில் எஃப்.பி.ஐ. கனமான தோட்டாக்களின் பின்னால் போய், சுற்றிவிட்டு மறுபடி அதற்கே திரும்பியது. ஆக அதில் சண்டை முடிந்துவிட்டது.

ஐந்தை எடுத்துத் தட்டில் வைத்தோம். க்ளாக் 19, க்ளாக் 43எக்ஸ், பி365, ஹெல்கேட், ஷீல்டு பிளஸ்.

அண்ணாச்சியின் கை சிறியது, விரல்கள் குட்டை. பொட்டலம் மடித்தே பழகிய கை. கட்டைவிரல் அடியில் மூட்டு வலி வேறு. ஸ்லைடை, அதாவது குழலுக்கு மேல் முன்னும் பின்னும் ஓடும் பகுதியை, இழுக்கவே முதலில் திணறினார். ஒரு கையைச் சும்மா வைத்துக்கொண்டு இன்னொரு கையால் மட்டும் இழுத்தால் வராது. வலது கையால் பிடியை முன்னே தள்ள வேண்டும், அதே நேரம் இடது உள்ளங்கையால் ஸ்லைடை மேலிருந்து கவ்விப் பின்னே இழுக்க வேண்டும். நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துச் செய்தால் இன்னும் சுலபம். மூன்றாவது தடவை வந்துவிட்டது. அப்போதும் வராதவர்களுக்கு ஷீல்டு ஈஸி (EZ) என்று ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங் இளகலாக, முதியவர்களையும் கையில் வலுக் குறைந்தவர்களையும் நினைத்தே செய்தது, எட்டுத் தோட்டா. இணையத்தில் அதை இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கு அந்த இளக்காரம் புரிவதே இல்லை. இழுக்க முடியாத துப்பாக்கியை வைத்து என்ன செய்வது?

இலக்கு ஏழு கஜத்தில், அதாவது 21 அடி. க்ளாக் 19இல் ஆரம்பித்தோம். பத்தில் ஒன்பது ஒரு தோசைத் தட்டுக்குள் விழுந்தது. அவருக்கே ஆச்சரியம். கடைசித் தோட்டாவின் காலிக் கூடு சூடாகத் துள்ளி வந்து அவர் சட்டைக் கழுத்துக்குள் விழுந்துவிட்டது. ஆடாமல் நிற்கணும், குழல் முன்பக்கமே இருக்கணும் என்று நான் கத்தினேன். காதில் மஃப் போட்டிருந்ததால் கேட்டதோ என்னவோ, ஆனால் மனிதர் அசையவில்லை. துப்பாக்கியைப் பலகையில் வைத்த பிறகுதான் சட்டையை உதறிக்கொண்டு குதித்தார். கழுத்தோரம் ஒரு சிவப்புத் தடம். சூட்டில் துள்ளிக் குழலைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் திருப்பிவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஆளிடம் துப்பாக்கி இருக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

அப்புறம் சின்னவை. வழக்கமாக எல்லோருக்கும் நடப்பது அவருக்கும் நடந்தது. கையில் எடுத்ததும், "ஏ, இது எம்புட்டு அம்சமா இருக்கு" என்று முகம் மலர்ந்தது. சுட்டதும் மலர்ச்சி போய்விட்டது. இருப்பதிலேயே குட்டையான இரண்டிலும் சுண்டுவிரலுக்கு இடமில்லை, அது பிடிக்குக் கீழே அந்தரத்தில் மடிந்து நிற்கிறது. அரை கிலோ எடையுள்ள பொருளுக்குள் அதே 9 மில்லிமீட்டர் வெடிக்கிறது, எடை குறையக் குறைய அதிர்வெல்லாம் மணிக்கட்டுக்கு வருகிறது. குறிபார்க்கும் முனைகள் இரண்டும் நெருங்கி இருப்பதால் கை நூலளவு விலகினாலும் தாளில் அது விரற்கடையாகிவிடுகிறது. பத்தில் நான்கு தட்டுக்கு வெளியே.

ஒரு தடவை நின்றும் போனது. காலிக் கூடு முழுதாக வெளியேறாமல் ஸ்லைடின் வாயில் செங்குத்தாக மாட்டிக்கொண்டு, செங்கல் சூளைப் புகைபோக்கி மாதிரி நின்றது. இங்கே ஸ்டவ்பைப் என்கிறார்கள். அண்ணாச்சி துப்பாக்கியைச் சந்தேகப்பட்டார். எனக்கு அவருடைய மணிக்கட்டின் மேல்தான் சந்தேகம். சுடும்போது ஸ்லைடு பின்னால் ஓடி, கூட்டைத் தள்ளிவிட்டு, அடுத்ததைக் கவ்வி வர வேண்டும். அதற்கு உடம்புப் பகுதி அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டுத் தளர்ந்தால் உடம்பும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போய்விடும், ஸ்லைடு தன் முழுத் தூரத்தையும் ஓடாது. கனமான துப்பாக்கி இதைப் பொறுத்துக்கொள்ளும். லேசானது பொறுக்காது. மணிக்கட்டை இறுக்கச் சொன்னேன், அப்புறம் நிற்கவில்லை.

நானும் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துத்தான் கற்றேன். முதலில் வாங்கியது பேண்ட் பாக்கெட்டுக்குள் அடங்கும், .380 என்ற சின்னத் தோட்டா போடும் ஒரு குட்டித் துப்பாக்கி. முந்நூறு கிராம்கூட இருக்காது. ஒரு பெட்டி, 50 தோட்டா சுட்டால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் கன்றிவிடும். அதனால் சுடப் போவதே இல்லை. பழகாத துப்பாக்கி ஒரு வருடம் பாக்கெட்டில் சாவிக்கொத்து மாதிரிக் கிடந்தது. விற்றுவிட்டேன்.

சுடுவதற்குப் பெரியது நல்லது, மறைப்பதற்குச் சின்னது நல்லது. இதை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் எந்தப் பக்கம் சின்னது என்று கேட்பவர்கள் குறைவு. அங்கேதான் இந்த ஒப்பீட்டு அட்டவணைகள் எல்லாம் ஆளைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விடுகின்றன.

குழல் பேண்ட்டுக்குள் போகிறது. அது மூன்று அங்குலமா நான்கா என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. வெளியே நீட்டிக்கொண்டு சட்டையை முட்டுவது பிடிதான். இங்கே அதற்கு 'பிரிண்ட் ஆகுது' என்பார்கள். குனிந்தால், ஷெல்ஃபில் எட்டி எடுத்தால், சட்டையின் மேல் ஒரு மூலை புடைத்துத் தெரியும். ஆக மறைப்பதற்குப் பார்க்க வேண்டியது உயரம், அதாவது ஸ்லைடின் மேல்விளிம்பிலிருந்து மேகசினின் அடிவரை. க்ளாக் 19 அதில் 128 மில்லிமீட்டர். ஒல்லிக்குச்சி என்று பேர் வாங்கிய க்ளாக் 43எக்ஸும் அதே 128தான்! ஷீல்டு பிளஸ் சுமார் 117, பி365 சுமார் 109, ஹெல்கேட் 102. அதே க்ளாக் 43எக்ஸுக்கு இரண்டு சென்டிமீட்டர் நீளம் கூட்டினால் க்ளாக் 48. இரண்டுக்கும் ஒரே பிடி என்பதால் சட்டைக்கு வெளியே இரண்டும் ஒன்றுதான். பெல்ட் பக்கிளுக்குப் பக்கத்தில் முன்வயிற்றில் வைப்பவர்களுக்கு நீளக் குழல் உதவிகூடச் செய்யும். கீழ்முனை தொடைப்பக்கம் முட்டும்போது மேல்முனை, அதாவது பிடி, வயிற்றோடு சாய்ந்துகொள்கிறது. குட்டைக் குழல் பெல்ட்டுக்கு மேல் கவிழப் பார்க்கும். நான் இரண்டு வருடம் க்ளாக் 19 வைத்திருந்துவிட்டு, இப்போது பி365எக்ஸெல்லில் நிற்கிறேன். பி365இன் அதே தடிமன், சுண்டுவிரலுக்கு இடம், பன்னிரண்டு தோட்டா. ஹெல்கேட்டில் ஒன்று கூட இருக்கிறது, ஷீல்டில் ஒன்று குறைவு என்ற சண்டையில் எனக்கு ஆர்வமே போய்விட்டது.

எடையும் அப்படித்தான். காலித் துப்பாக்கியின் எடையைப் போட்டு ஒப்பிடுகிறார்கள். காலியாக யார் இடுப்பில் வைப்பார்கள்? ஒரு தோட்டா ஏறக்குறைய 12 கிராம். நிரப்பிய க்ளாக் 19 சுமார் 850 கிராம், 43எக்ஸ் சுமார் 660. முக்கால் கிலோ தக்காளியைப் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு பத்து மணி நேரம் நிற்பது போல. அதனால்தான் பெல்ட் முக்கியம். அண்ணாச்சி கட்டியிருந்தது துணி மாதிரித் தொய்ந்த தோல் பெல்ட், ஹோல்ஸ்டரை, அதாவது துப்பாக்கி உறையை, மாட்டிய உடனே பேண்ட் ஒரு பக்கம் இறங்கியது. ஊரில் வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட் இருக்கிறதே, அதன் விறைப்பும் அகலமும் இதற்கு அமர்க்களமாகப் பொருந்தும் என்று சொல்லிச் சிரித்தோம். வேட்டியில் எதையும் மறைக்க முடியாது என்பதை நான் ஒரு பொங்கல் விழாவில் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அதைக் காரிலேயே பூட்டிவிட்டுப் போனேன்.

விலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லாமே 400இலிருந்து 600 டாலருக்குள் கிடைக்கும். ஒரு வருடத் தோட்டாச் செலவு அதைத் தாண்டிவிடும், ஒழுங்காகப் பழகினால்.

அண்ணாச்சி கேட்ட மிக நல்ல கேள்வி: "இதுல லாக் எங்க இருக்கு?" க்ளாக்கில் கையால் போடும் லாக் கிடையாது. ட்ரிகரின் நடுவில் ஒரு சின்ன நாக்கு இருக்கிறது. விரல் அதையும் சேர்த்து அழுத்தினால்தான் ட்ரிகர் நகரும். கீழே விழுந்தால் வெடிக்காதபடி உள்ளே தடுப்புகள் உண்டு. ஆனால் ட்ரிகரை எது அழுத்துகிறது என்று துப்பாக்கிக்குத் தெரியாது. விரலா, சட்டை ஓரமா, ஜாக்கெட்டின் கயிறா, எல்லாம் ஒன்றுதான். ஆகவே ட்ரிகரை முழுசாக மூடும் விறைப்பான ஹோல்ஸ்டர்தான் உண்மையான லாக். கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அந்தந்த மாடலின் அச்சில் வார்த்திருப்பார்கள். எடுப்பதில் அவசரம் இருக்கலாம், திரும்பச் செருகுவதில் அவசரமே கூடாது. சட்டையை நன்றாகத் தூக்கிவிட்டு, கண்ணால் பார்த்துச் செருக வேண்டும். பத்து டாலருக்குக் கிடைக்கும் துணி உறையை வாங்கப் போனவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பி365, ஷீல்டு பிளஸ் போன்றவற்றில் கையால் போடும் லாக் வைத்தும் வாங்கலாம். பழக்கத்துக்கு வரும்வரை அது நிம்மதி தரும் என்றால் வாங்கிக்கொள்வதில் வெட்கம் இல்லை.

இன்னொரு சின்ன வித்தியாசம், அட்டவணையில் வராதது. துடைக்கக் கழற்றும்போது க்ளாக்கில் ஒருமுறை ட்ரிகரை அழுத்தியே ஆக வேண்டும். பி365இல் வேண்டாம், ஒரு நெம்பைத் திருப்பினால் போதும். உள்ளே தோட்டா இல்லை என்று நம்பி அழுத்திச் சுவரில் ஓட்டை போட்டவர்கள் இந்த நாட்டில் ஏராளம். அண்ணாச்சிக்கு வரிசையைச் சொல்லிக் கொடுத்தேன். மேகசினை முதலில் எடு, அப்புறம் ஸ்லைடை இழு. இழுத்ததும் உள்ளிருக்கும் தோட்டா வெளியே விழும். வரிசை மாறினால், இழுத்துத் தள்ளிய இடத்துக்கு மேகசினிலிருந்து இன்னொன்று ஏறிவிடும். ஸ்லைடைத் திறந்து நிறுத்தி, கண்ணால் பார், சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார். அப்புறம் மறுபடி பார். அவர் சுண்டுவிரலை விட்டுத் தடவியதைப் பார்க்க, எண்ணெய் டின்னின் அடியில் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது போல இருந்தது.

டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயதாகி, சட்டப்படி தடை இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இப்போது அப்படித்தான். ஒரு காலத்தில் இங்கே லைசென்ஸோடுகூட முடியாது. 1991இல் கில்லீன் என்ற ஊரில் ஒரு கஃபேட்டீரியாவுக்குள் பிக்கப் வண்டியை ஏற்றி வந்து ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். தன் துப்பாக்கியைச் சட்டத்துக்குப் பயந்து காரில் வைத்துவிட்டு வந்திருந்த சுசானா கிராஷியா, அன்றைக்குப் பெற்றோர் இருவரையும் இழந்தார். அவர் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார், 1995இல் சட்டம் மாறியது. அவருடைய துயரத்துக்கு யாரிடமும் பதில் இல்லை. லைசென்ஸே வேண்டாம் என்ற இன்றைய சட்டம்தான் எனக்கு ஒட்டவில்லை. அண்ணாச்சியிடம் வகுப்புக்குப் போயே தீர வேண்டும் என்றேன். 50 தோட்டா, மூன்று, ஏழு, பதினைந்து கஜத்தில். 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. எங்கே கொண்டுபோகக் கூடாது என்பதை அங்கேதான் ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்கள். 30.06 என்று எண் போட்ட பலகை தொங்கினால் லைசென்ஸ் இருந்தாலும் மறைத்து எடுத்துப் போகக் கூடாது. நாங்கள் போகும் கோவில் வாசலிலும் அந்தப் பலகை இருக்கிறது. அண்ணாச்சி அதைப் பல வருடமாகச் செருப்பு விடும் இடத்துக்கான அறிவிப்பு என்று நினைத்திருந்தாராம்.

கடைசியில் அவர் எடுத்தது ஷீல்டு பிளஸ், கையால் போடும் லாக் வைத்தது. கை அதைத் தேர்ந்தெடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். க்ளாக் 19 அவர் விரலுக்குத் தடிமன், குட்டை இரண்டும் அவர் மணிக்கட்டுக்கு ஆகவில்லை. எனக்குத் தனிப்பட்ட முறையில் அது அவ்வளவு பிடித்தமானதில்லை. ஆனால் ஏழு கஜத்தில் பத்தும் தட்டுக்குள். படிவம் அவரே நிரப்பினார், பணம் அவரே கட்டினார், பின்னணிச் சோதனை முடியக் கால் மணி நேரம் ஆனது. வகுப்பில் 226 எடுத்துவிட்டு அன்று சாயங்காலமே எனக்கு அல்வா கொண்டுவந்தார்.

கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் இரண்டு வாரம், தோட்டா போடாமல், வீட்டில் இடுப்பில் கட்டிக்கொண்டே எல்லா வேலையும் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்குப் போன்.

"தம்பி, குனிஞ்சு செருப்பு மாட்டுனா வயித்துல குத்துது. ஒக்காந்து சாப்பிட முடியல. ஒங்க அக்கா வேற சிரிக்கா."

"எந்தப் பக்கம் வச்சிருக்கீங்க அண்ணாச்சி?"

"நீ சொன்னாப்லதான், முன்னால, வலது பக்கம்."

"ரெண்டு விரக்கடை இடுப்பெலும்புப் பக்கம் தள்ளி வச்சுப் பாருங்க."

போனைக் கீழே வைக்காமலே எழுந்தார் போல. பெல்ட் பக்கிள் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபடும் சத்தம். ஒரு முனகல்.

"இப்பம் பரவால்ல" என்றார். "ஆனா இட்லி நாலுக்கு மேல எறங்காது போலுக்கே."